பாதிக் கோர்ட்டில் நெல், பாதியில் நாங்கள்

1. எதிரணிக் கேப்டன் கணக்கில்

கௌசல்யா பந்தைக் கூடைக்குள் போட்டபோது கைதட்டியது எதிரணி.

மூன்றாவது குவார்ட்டர். நாங்கள் காக்க வேண்டிய ரிங்கின் அடியில் நல்ல உயரத்துக்கு எழும்பி, ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை ரீபவுண்ட் எடுத்தாள். எடுத்த பந்தை வளைகோட்டுக்கு வெளியே கொண்டுபோனாள், திரும்பினாள், மறுபடி உள்ளே வந்து அதே ரிங்கில் சுத்தமாக ஒரு லே-அப் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. எதிரணிப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இதற்கு செல்ஃப் பாஸ்கெட் என்று பெயர். அந்த இரண்டு பாயிண்டையும் ஸ்கோர் ஷீட்டில் எதிரணிக் கேப்டன் பெயரில் எழுதுவார்கள். அந்தக் கேப்டன் நடுக்கோட்டுப் பக்கம் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நின்ற இடத்திலேயே இரண்டு பாயிண்ட் வாங்கிவிட்டாள்.

கௌசல்யாவுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. சந்தோஷமாகக் கையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கேப்டன் ஜான்சியிடம் ஓடினாள். ஜான்சி அந்தக் கையைத் தட்டவில்லை. பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். அதற்குள் கேலரி முழுக்கச் சிரிப்பு.

நான் உத்திரமேரூர் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து, போன மே மாதம் ஓய்வு பெற்றவள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். விசில் ஊதுவதையும் ஃபிக்ஸ்சர் என்கிற மேட்ச் அட்டவணை போடுவதையும் படிப்பில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மீதியை ஊர் சொல்லிக் கொடுக்கும். நான் அடிப்படையில் கபடிக்காரி. பாஸ்கெட்பால் நானாகப் பார்த்துப் பார்த்துக் கற்றது. அதைவிட அதிகமாகக் கற்றது ஜனங்கள் பேசுகிற பேச்சில். யார் எதைச் சொன்னாலும் மனசில் முடிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவர் தணிகாசலம் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாதி வண்டி ஓட்டக் கத்துக்கினவன் கையில முழு வண்டிய குடுத்தா இன்னா மேடம் ஆவும்? முன்னாடி ரெண்டு சக்கரம் போவும், பின்னாடி ரெண்டும் வூட்லயே கெடக்கும்."

அவர் கேலிக்காகச் சொல்லவில்லை. எங்கள் கோர்ட்டை அவர் தினமும் பார்க்கிறவர்.

2. களம்

கல்லூரி வருவதற்கு முன் அந்த இடம் ஊரின் நெற்களம். நிலம் கொடுத்தபோது ஊர்க்காரர்கள் ஒன்று மட்டும் கேட்டார்கள். அறுப்புக் காலத்தில் நெல் காயப் போட இடம் விட வேண்டும். எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். இந்த ஊரில் வாய்ப்பேச்சு, ரிஜிஸ்டர் பண்ணியதைவிடக் கெட்டி. பிறகு கல்லூரி அங்கே சிமெண்ட் தளம் போட்டு, கோடு கிழித்து, ரோட்டுப் பக்கம் ஒன்றும் ஏரிப் பக்கம் ஒன்றுமாக ரிங் கம்பம் நட்டது. ஊர்க்காரர்கள் பார்வையில், களத்துக்குத் தளம் போட்டுக் கொடுத்த நல்லவர்கள் நாங்கள்.

வழக்கமாக நெல் வந்தால் பாதிக் கோர்ட் அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. அந்த வருஷம் கோடையிலேயே ஒரு டிராக்டர் ரிவர்ஸ் எடுக்கும்போது ஏரிப் பக்கத்துக் கம்பத்தை இடித்துச் சாய்த்துவிட்டது. வெல்டிங் முடிந்து கம்பம் நிமிர்ந்த நேரத்தில் சொர்ணவாரிப் போகத்து நெல் அறுப்பு தொடங்கி, நெல் வந்து அந்தப் பாதியில் உட்கார்ந்துகொண்டது. பகலில் பரப்பிக் காயவைப்பார்கள். சாயங்காலம் வாரி, ரிங்குக்கு நேர் கீழே கோபுரம் மாதிரி குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போவார்கள்.

ஆகவே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் ரோட்டுப் பக்க ரிங் ஒன்றுதான். மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடுவோம். இரண்டு அணிக்கும் ஒரே ரிங் என்பதால், ரீபவுண்ட் எடுத்தவர் பந்தை வளைகோட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் திரும்பி வந்துதான் போட வேண்டும். அதை 'கிளியர்' என்போம். கௌசல்யா முதல் வருஷம். பந்தையே கல்லூரிக்கு வந்துதான் தொட்டாள். அன்று மேட்சில் அவள் செய்தது கிளியர். பழகியதைப் பழகியபடியே செய்தாள்.

அதற்குப் பிறகு அவள் பிராக்டீஸுக்கு வரவில்லை. வகுப்புக்கு வருவாள், நாலு மணிக்கு வேறு வழியாகப் போய்விடுவாள். பஸ் ஸ்டாப்பில் பையன்கள், "வூட்டுக்கு நேரா போயிடுவியா, இல்ல பாதி வழியில திரும்பி இங்கியே வந்துடுவியா?" என்று கேட்டார்களாம். ஜான்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கௌசல்யா இல்லாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போனோம். ரீபவுண்ட் எடுக்க ஆள் இல்லை. இன்னும் மோசமாகத் தோற்றோம்.

3. பிரின்சிபால் அறை

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. எனக்கு டீ வரவழைத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். பஸ்கள் கூடிவிட்டன, நிறுத்த இடம் இல்லை, நிர்வாகம் கோர்ட்டைக் கேட்கிறது என்றார். வட்டாரக் கல்லூரிகளுக்குள் நடக்கிற ஸோன் போட்டி அடுத்து இருந்தது.

"ஸோன் மேட்ச் வருது. ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுக் காட்டுங்க மேடம், நான் அவங்ககிட்ட பேசிக்கறேன். அதுவும் இல்லன்னா அடுத்த வருஷம் என்ட்ரி அனுப்ப வேணாம். கோர்ட்ட பஸ் ஷெட்டுக்கு விட்டுடலாம்."

நான் சரி என்று எழுந்து வந்தேன்.  அவருக்கு அது ஒரு சிமெண்ட் தளம். ஜான்சி ஒருநாள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது: "நாலுலேர்ந்து அஞ்சர வரிக்கும் எங்களுக்கு யாரும் வேல சொல்ல மாட்டாங்கோ மேம். அதுக்குத்தான் வரோம்." வீட்டுக்குப் போனால் தண்ணீர் பிடிக்க வேண்டும், மாடு இருந்தால் மாடு, தம்பி இருந்தால் தம்பி. அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவர்களுடையது. டீம் போனால் அதுவும் போகும்.

ஜெயிக்க வேண்டுமென்றால் இரண்டு ரிங்குக்கும் நடுவே ஓடிப் பழக வேண்டும். இரண்டாவது ரிங்கின் கீழே நெல் இருந்தது.

4. குமாரி

நெல் காயவைக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் குமாரி. கௌசல்யாவின் அம்மா. கூலிக்கு வருகிறவள்தான் என்றாலும் எந்த நெல்லை எப்போது கிளற வேண்டும், எப்போது வார வேண்டும் என்பதெல்லாம் அவள் வாக்கு.

நான் அவளைத் தேடிப் போக நினைத்திருந்தேன். அவளே தள்ளு பலகையைத் தரையில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எம் பொண்ணு வூட்ல வாயே தொறக்க மாட்டேங்குது மேடம். கேட்டா அழுவுது. ஊரே சிரிக்குதாமே, அப்பிடி இன்னா பண்ணிச்சி அது?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஆட்டம் தெரியாது. அதனால் கோர்ட்டுக்குள் அழைத்துப் போய்க் காட்டினேன். மேட்ச் என்றால் இந்த ரிங்கில் பந்தை எடுத்து அந்த ரிங்குக்கு ஓட வேண்டும், உன் பெண் அந்த ரிங்கின் அடியில் ஒருநாளும் நின்றதில்லை, அவளுக்கு ஆட்டம் என்றால் இந்தப் பாதிதான் என்றேன்.

குமாரி ஏரிப் பக்கம் பார்த்தாள். தார்ப்பாய் போட்ட குவியல் ரிங்கைத் தொடுகிற மாதிரி நின்றது. அவள் கையால் குவித்தது.

"அப்போ அது போவ வேண்டிய வழியில நான்தான் கும்பல் கட்டி வெச்சிருந்தேனா?"

உன் வேலையை நீ செய்தாய், அவள் வேலையை அவள் செய்தாள், இதில் தப்பு எங்கே வந்தது என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள்.

இத்தனை வருஷமாக நான் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டேன். குவியலை ஏன் வட்டமாக, நடுவில் கட்டுகிறீர்கள், ஓரமாக நீளவாக்கில் கட்டினால் என்ன? குமாரி என்னை விநோதமாகப் பார்த்தாள். தார்ப்பாய் சதுரம். சதுரத் தார்ப்பாய்க்குள் வட்டக் கும்பல்தான் அடங்கும். நீளமாகக் கட்டினால் இரண்டு முனையும் திறந்து கிடக்கும். மற்றபடி தளம் மேற்கே உயரம், கிழக்கே சரிவு. மேற்கு ஓரமாக வரப்பு மாதிரி ஏற்றினால் தண்ணீர் தேங்காது. காலையில் இழுத்துப் பரப்புவதும் சுலபம் என்றாள்.

"நீட்டமா மூட ஏதாச்சும் குடுங்க. நான் ஏத்தித் தரேன். ஆனா அண்ணன் ஒத்துக்கணும்."

5. தேவராஜண்ணன்

அண்ணன் என்றது தேவராஜை. குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர். அந்த நெல்லில் பெரும்பங்கு அவருடையது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கோபப்படவும் இல்லை. பைக்கை விட்டு இறங்காமலே நிதானமாகச் சொன்னார்: "கொள்முதல் நெலையத்துல கையில அள்ளிப் பாத்துட்டு, ஈரம் கீதுன்னு திருப்பி அனுப்பிடறான் மேடம். அப்பறம் அத்த எங்க கொண்டு போறது? உங்க பந்து நனஞ்சா தொடச்சிக்கலாம். நெல்ல தொடைக்க முடியுமா?"

 அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. கிளம்ப வண்டியை உதைத்தார். குமாரி முன்னால் போய் நின்றாள். பிரின்சிபால் சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"யோசிச்சிக்கோண்ணா. இவங்கோ தோத்துட்டா இந்த எடம் பஸ் ஷெட்டு. டீசல் ஒழுவுற தரயில நெல்லு காயப் போடுவியா?"

தேவராஜ் வண்டியை அணைத்தார். என்னைப் பார்த்தார். உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றேன்.

"இன்னா பண்ணா ஷெட்டு வராது?"

"ஒரு மேட்ச் ஜெயிக்கணும்."

"ஒண்ணுதானா? இதுவரிக்கும் ஒண்ணுகூடவா ஜெயிக்கல?"

பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். இந்த சீசனில் இன்னும் இல்லை என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு படி நெல் நனைந்தாலும் கும்பல் பழைய இடத்துக்கே போய்விடும் என்று கண்டிஷன் போட்டார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் எங்கள் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார். ஏலத்தில் மாடு பார்க்கிற பார்வை. நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

6. நீளவாக்கில்

நீளமாக மூடுவதற்கு என்னிடம் ஒரு பொருள் இருந்தது. கல்லூரி விழாக்களுக்கு அடித்த பழைய ஃப்ளெக்ஸ் பேனர்கள். ஸ்டோர் ரூமில் சுருட்டி அடுக்கியிருந்தார்கள். ஆபீஸில் கேட்டபோது மேனேஜர் தயங்கினார். எல்லாவற்றிலும் தாளாளர் முகம் இருக்கிறது, நெல் மேலே போட்டால் யாராவது போட்டோ எடுத்துவிடுவார்கள் என்றார். முகத்தை உள்பக்கமாகப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கி வந்தேன். தணிகாசலம் பார்த்துவிட்டு, "பெரியவர் நெல்லுக்குள்ள மொகத்த வெச்சிக்கினு தூங்கறாரு" என்றார்.

ஃப்ளெக்ஸ் போட்டால் நெல் வேர்த்துக்கொள்ளும் என்று குமாரி சொன்னாள். அதனால் விடிந்ததும் யாராவது அதைத் தூக்கிவிட வேண்டும். அவளால் அப்போது வர முடியாது, வீட்டு வேலை இருக்கிறது. பிள்ளைகள் காலை பிராக்டீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃப்ளெக்ஸைத் திறப்பது என்று பேசிக்கொண்டோம். சாயங்காலம் நாலு மணிக்கு அவர்களும் சேர்ந்து வாருவார்கள். டீமில் பாதிப் பேர் வீட்டில் இந்த வேலையைச் செய்து வளர்ந்தவர்கள். எனக்குத்தான் பலகை பிடிக்க வரவில்லை.

இப்படியாக எங்களுக்கு முழு நீளமும் கிடைத்தது. அகலம் குறைந்துவிட்டது. மேற்குப் பக்கம் சைடு லைன் முழுக்க நெல் வரப்பு. பந்து அந்தப் பக்கம் போனால் நெல் மேல் ஏறி எடுக்க வேண்டும், ஏறினால் குமாரி கத்துவாள். அதனால் பாஸ் எல்லாம் நேராக, இறுக்கமாக வரத் தொடங்கியது. நான் வருஷக்கணக்கில் சொல்லியும் வராதது அது. நடுவில் மட்டும் ஓடி ஓடி ஃபாஸ்ட் பிரேக், அதாவது பந்து கிடைத்ததும் எதிர் ரிங்குக்குப் பாய்வது, பழகிவிட்டார்கள்.

கௌசல்யா அம்மாவோடு நெல் வாரத்தான் வந்தாள். முதல் நாள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாம் நாள் வாரி முடித்ததும், யாரும் இல்லாத ஏரிப் பக்க ரிங்கின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"இதுவும் அதே ஒசரந்தானா மேம்?"

அதேதான் என்றேன். அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, ரோட்டுப் பக்கத்திலிருந்து ஜான்சியை நீளமாக ஒரு பாஸ் போடச் சொன்னேன். பிடித்தாள், போட்டாள், உள்ளே விழவில்லை. மறுபடி போட்டாள். அன்று இருட்டுகிற வரை அது ஒன்றுதான் செய்தோம்.

ஒரு சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து வந்தது. ஃப்ளெக்ஸ் ஒரு முனையில் பிய்த்துக்கொண்டு பறக்கப் பார்த்தது. பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு வரிசையாக அதன் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மழை விடும்வரை எழுந்திருக்கவில்லை. தேவராஜ் நனைந்தபடி பைக்கில் வந்து நின்று பார்த்தார். குனிந்து அடியில் கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுத்துப் பார்த்தார்.

"எறங்குங்கம்மா, நசுங்கிடப் போவுது" என்றார். கும்பல் பழைய இடத்துக்குப் போகவில்லை.

7. ஏரிப் பக்கம்

ஸோன் மேட்ச் நடந்த கல்லூரி செங்கல்பட்டு போகிற வழியில். எங்கள் குரூப்பில் எங்களுக்கு இரண்டே ஆட்டம். முதல் ஆட்டம் காலையில்.

ஓடுவதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கௌசல்யா ரீபவுண்ட் எடுத்தால் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறாள். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் இரண்டு பேர் வந்து பந்தைப் பிடுங்கினார்கள். தோற்றோம்.

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மிச்சம் இருந்தது ஒரு ஆட்டம். அதிலும் தோற்றால் கோர்ட் இல்லை, டீம் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். கௌசல்யா என்னிடம் வந்து, தன்னை பெஞ்சில் உட்காரவைக்கச் சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் ஜான்சி பேசினாள்.

"ஏன்டி, நம்ம கோர்ட்ல உனக்கு எந்தப் பக்கம்னு கொழப்பமே வரலியே?"

"அங்க ஏரி தெரியுது இல்ல."

ஜான்சி எழுந்து நின்று அந்தப் புதுக் கோர்ட்டைப் பார்த்தாள். நாங்கள் போட வேண்டிய ரிங் பக்கம் தண்ணீர் டாங்க் ஒன்று இருந்தது.

"அப்போ அந்த டாங்க்குப் பக்கம் ஏரி. ஹாஃப் டைம் ஆனதும் ஏரிய இந்தப் பக்கம் மாத்திக்கலாம். நீ பந்த எடுத்ததும் நான் 'ஏரி'ன்னு கத்துவேன். நீ பாக்காம அந்தப் பக்கம் போடு. நாங்க ஓடிக்கினே இருப்போம்."

சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் அதைவிடத் தெளிவாக நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. டைம் அவுட்டில் போர்டு வைத்து அம்புக்குறி போட்டு விளக்கியிருப்பேன்.

ஆட்டம் தொடங்கியது. கௌசல்யா எழும்பிப் பந்தை எடுத்ததும் ஜான்சி கத்தினாள். நீளமான பாஸ், நடுவில் நேராக. ஜான்சி ஓடிப் பிடித்துப் போட்டாள். மறுபடி அதே. எதற்கு 'ஏரி' என்று எதிரணிக்கு விளங்கவில்லை. அவர்கள் கோச் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஹாஃப் டைமில் பக்கம் மாறியதும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து இந்தப் பக்கம் கையைக் காட்டி, ஏரி இங்கே, இங்கே என்று கௌசல்யாவுக்குச் சொன்னார்கள். முன்னால் இருந்தோம். எட்டு பாயிண்ட் வித்தியாசம் வரை போனோம்.

கடைசி குவார்ட்டரில் ஜான்சிக்கு ஐந்தாவது ஃபவுல். வெளியே வந்தாக வேண்டும். அவள் பெஞ்சிலிருந்து கத்தியும் கேட்கவில்லை, எதிரணி ஆதரவாளர்கள் பெருங்கூச்சல் போட்டார்கள். எட்டு பாயிண்ட் நாலானது, நாலு இரண்டானது. நான் டைம் அவுட்டை எல்லாம் முடித்துவிட்டேன்.

கடைசி நிமிஷத்தில் எதிரணி போட்ட பந்து ரிங்கில் பட்டுத் திரும்பியது. கௌசல்யா எடுத்தாள். ஒரு விநாடி நின்றாள். பிறகு அவள் தொண்டையிலிருந்தே அந்த வார்த்தை வந்தது. மற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள். எல்லோரும் ஓடினார்கள். அவள் பாஸ் போட்டுவிட்டுத் தானும் பின்னாலேயே ஓடினாள். முதல் ஷாட் தவறியது. திரும்பி வந்த பந்தை அவளே பிடித்து, அந்த ரிங்கிலேயே போட்டாள். நாலு பாயிண்ட்டில் ஜெயித்தோம்.

8. அடுத்த நாள் பிராக்டீஸ்

குரூப்பில் ஒன்று தோற்று ஒன்று ஜெயித்தால் அடுத்த சுற்றுக்குப் போக முடியாது. எங்கள் சீசன் அன்றோடு முடிந்தது. கப் இல்லை, சர்டிபிகேட் இல்லை. பிரின்சிபாலுக்கு போன் போட்டேன். "ஜெயிச்சிட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த வருஷ என்ட்ரியை நானே எழுதித் தரலாம் என்றார். பஸ் ஷெட்டுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன் என்றார், கொஞ்சம் அலுப்போடு.

தங்கைகளே, இந்த வேலையில் உங்கள் இடத்தில் இன்னொருவர் வேலை குறுக்கே கிடக்கும். நெல்லாக இருக்கும், பந்தலாக இருக்கும், பரீட்சை பெஞ்சாக இருக்கும். எடுக்கச் சொல்லிச் சண்டை போடுவதற்கு முன், அது ஏன் அந்த மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்தவரிடம் கேளுங்கள். நான் அதைக் கேட்டது ரொம்பத் தாமதமாக. உங்களுக்காவது முதல் வருஷத்திலேயே கேட்கத் தோன்றட்டும்.

அன்று பஸ் திரும்பி வந்தபோது மேகம் கட்டியிருந்தது. பெண்கள் அவசர அவசரமாக நெல்லை வாரிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் ஜெர்சியோடு இறங்கி ஆளுக்கொரு பலகையை எடுத்தார்கள். கௌசல்யா அம்மாவுக்குப் பக்கத்தில் போய்த் தள்ள ஆரம்பித்தாள். குமாரி நிமிரவில்லை.

"இன்னா ஆச்சி?"

"ஜெயிச்சிட்டோம்மா."

குமாரி பலகையை நிறுத்தினாள். பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். வியர்வையில் உமி ஒட்டிய அந்தக் கையைத் தன் முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டாள்.

"அப்போ நாளிக்கும் ஆட்டம் கீதா?"

"கீதும்மா, பிராக்டீஸு."

"அப்போ இன்னும் ஓரமா தள்ளு. நடுவுல வுடாத."